கடற்கொள்ளையரும் கடற்படைத் தலைவரும்: ஆவண நாடகத்தின் வரலாற்று உண்மை பற்றிய சில சிந்தனைகள்

வரலாற்றை நடித்துக் காட்டும் கலை வடிவங்களுள் ஆவண நாடகம் என வழங்குவது தனியாக ஆராயத்தக்கது. நாடகம் தன்னைக் கற்பனை என்று ஒப்புக்கொள்கின்றது. வரலாற்று நூல் தன்னைச் சான்றுகளுக்கு உட்படுத்திக்கொள்கின்றது. ஆவண நாடகமோ முன்னதன் சுதந்திரத்தையும் பின்னதன் அதிகாரத்தையும் ஒருங்கே கோருகின்றது. பேராசிரியர் ஒருவர் தமது நூலகத்திலிருந்து இரண்டு நிமிடம் பேசுவார். அடுத்த கணம் நடிகர் ஒருவர் வாளை உருவுவார். பேராசிரியரின் நம்பகத்தன்மை பார்வையாளர் அறியாமலே வாளேந்தியவருக்குக் கைமாறிவிடுகின்றது. இவ்வடிவத்தின் வலிமையும் அபாயமும் இந்தக் கைமாற்றத்திலேதான் உள்ளன.

2021ஆம் ஆண்டில் நெட்பிளிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘த லொஸ்ட் பைரேட் கிங்டம்’ என்னும் ஆறு பகுதித் தொடர் இவ்வகையைச் சார்ந்தது. பஹாமாத் தீவுகளின் நசாவ் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டிருந்த ஹோர்னிகோல்ட், கருந்தாடி முதலியோரின் கதையை அது கூறுகின்றது. தொடரைப் பற்றிய பேச்சிற் பெரும்பகுதி உடை சரியா, துப்பாக்கி சரியா, அக்காலத்தில் அவ்வாறு பேசினார்களா என்ற வினாக்களைச் சுற்றியே அமைவதுண்டு. இவ்வினாக்கள் தேவையற்றவையல்ல. அதே நிறுவனம் 2019இல் வெளியிட்ட ‘த லாஸ்ட் சார்ஸ்’ என்னும் ஆவண நாடகத்திலே 1905ஆம் ஆண்டு மொஸ்கோ நகரைக் காட்டும் காட்சியில் லெனினின் நினைவகம் தென்பட்டது. லெனின் மறைந்தது 1924இல். ஜார் மன்னனின் காலத்துச் செஞ்சதுக்கத்தில் லெனினைத் துயில வைத்த நெறியாளருக்கு வரலாற்றின் போக்கில் அத்துணை நம்பிக்கை இருந்தது போலும்!

எனினும் இத்தகைய பிழை மேற்பரப்பிற்குரியது, சுட்டிக்காட்டியவுடன் தீர்ந்துவிடும். ஜோர்ஜ் லூகாச் 1937இல் வெளியிட்ட வரலாற்று நாவல் பற்றிய ஆய்விலே, ஒரு காலத்தின் வெளிப்புறப் பொருள்களைத் துல்லியமாக அடுக்குவதையும் அக்காலத்து மனிதரின் செயல்களை அவர்தம் சமூக நிலைமைகளிலிருந்து விளக்குவதையும் வேறுபடுத்திக் காட்டினார். முன்னது முற்றிலும் சரியாக அமைந்தும் பின்னது முற்றிலும் பொய்யாகலாம். கடற்கொள்ளையரைப் பற்றிய படைப்புகளில் இவ்வாபத்து இரட்டிப்பாகின்றது. ஏனெனில் இங்கே ‘கடற்கொள்ளையர்’ என்ற பெயரே வழக்கில் ஒரு தரப்பாரின் வாக்குமூலமாக உள்ளது.

நமது கடலில் நிகழ்ந்தவற்றைக் கொண்டு இதனை நோக்குவோம். போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்த ஆண்டு 1505 என்று பாடநூல்கள் குறிக்கும். அவர்கள் ஏன் இப்பக்கம் வந்தனர் என்பதைப் பலர் அத்துணை கவனிப்பதில்லை. கேரளக் கரையைத் தவிர்த்து மாலைதீவு வழியாக வாசனைத் திரவியங்களை ஏற்றிச் சென்ற முஸ்லிம் வணிகரின் கப்பல்களை மறித்துப் பிடிக்கவே லொரென்சோ த அல்மெய்தா அனுப்பப்பட்டான். அம்முயற்சியிலே காற்றும் நீரோட்டமும் அவனை இலங்கைக் கரைக்குக் கொணர்ந்தன. பிறரின் கப்பலை மறித்துச் சரக்கைக் கைப்பற்றச் சென்றவன் ‘கண்டுபிடிப்பாளன்’ ஆனான். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1502இல், மக்காவிலிருந்து யாத்திரிகருடன் திரும்பிக்கொண்டிருந்த கப்பலொன்றை வாஸ்கோ ட காமா பெண்களும் குழந்தைகளும் உள்ளிருக்க எரித்தான். அவனைக் கொள்ளையன் என்று குறிக்கும் ஐரோப்பியப் பாடநூல் அரிது.

பின்னர் இவ்வன்முறைக்குச் சட்ட வடிவம் அளிக்கப்பட்டது. ‘கார்த்தாஸ்’ என்னும் அனுமதிச்சீட்டைப் போர்த்துக்கேயரிடம் பெறாத கப்பல் கைப்பற்றப்படும். பெற்ற கப்பலும் அவர்களது துறையிற் சுங்கம் செலுத்துதல் வேண்டும். நூற்றாண்டுகளாக எவரது சீட்டுமின்றிப் பயணம் செய்த வணிகன் ஒரே நாளிற் குற்றவாளியானான். கடற்கொள்ளை என்னும் குற்றம் இந்துமா கடலிற் பெருமளவுக்கு இச்சீட்டின் மறுபக்கமாகவே பிறந்தது.

கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களாய் விளங்கிய குஞ்ஞாலி மரைக்கார்களின் வரலாறு இப்பின்னணியிலேதான் பொருள்படும். நால்வர் அப்பட்டத்தைத் தாங்கினர். இவர்களைப் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் கடற்கொள்ளையர் என்றே எழுதினர். அதற்கு மறுதலையாக ஓ. கே. நம்பியார் 1955இல் வெளியிட்ட ஆங்கில நூல், போர்த்துக்கேயக் கடற்கொள்ளையரும் இந்திய மாலுமிகளும் எனப் பொருள்படும் தலைப்பைத் தாங்கி வந்தது. சுதந்திர இந்தியாவில் மும்பையிலுள்ள கடற்படை நிலையமொன்று குஞ்ஞாலியின் பெயரைப் பெற்றது; 2000ஆம் ஆண்டில் அஞ்சல் முத்திரையும் வெளிவந்தது. நானூறு ஆண்டுகளுக்குள் கொள்ளையன் தேசிய வீரனானான். ஆயின் பெயரை மாற்றிவிடுவதனால் மட்டும் வரலாறு திருத்தமுற்றுவிடுகின்றதா?

திரைப்படங்கள் இவ்வினாவுக்கு விடைகாண உதவும். 1967இல் எஸ். எஸ். ராஜன் நெறியாள்கையில் ‘குஞ்ஞாலி மரைக்கார்’ என்னும் மலையாளப் படம் வந்தது. பிரியதர்ஷனின் ‘மரைக்கார்: அரபிக்கடலின் சிங்கம்’ 2021 டிசம்பர் 2இல் வெளியாயிற்று; அதன் முன்னரே அவ்வாண்டு மார்ச்சில் இந்திய அரசின் சிறந்த திரைப்பட விருது அதற்கு அறிவிக்கப்பட்டிருந்தது. தமிழிலும் அது மொழிமாற்றம் பெற்றமையால் நம்மவர் பலர் பார்த்திருப்பர். வரலாற்றைத் திரிப்பதாகக் கூறி அதற்கெதிராகக் கேரள உயர்நீதிமன்றம் வரை முறையீடு சென்றதும் அறியப்பட்டதே. இவை முழுமையான ஆவண நாடகங்களல்ல என்பது உண்மை. ஆயினும், உண்மைப் பெயர்களையும் உண்மைப் போர்களையும் எடுத்தாண்டு, மக்களின் வரலாற்று நினைவை உருவாக்கும் பணியில் இவை அதனினும் வலியவை.

நான்காம் குஞ்ஞாலியான முகம்மது அலி மரைக்காருக்கும் சாமூதிரிக்கும் இடையே பிளவு ஏன் ஏற்பட்டது? பிரியதர்ஷனின் படத்தில் அது அரண்மனை சார்ந்த ஒரு காதற் பகையிலும் அதன் வழிவந்த கொலையிலும் வேர்கொள்கின்றது. போர்த்துக்கேயரின் எழுத்துகளில் அது குஞ்ஞாலியின் செருக்கிலிருந்து பிறக்கின்றது; இந்தியக் கடல்களின் அதிபதி எனத் தன்னை அழைத்துக்கொண்டானாம், சாமூதிரியின் யானையின் வாலை அறுத்தானாம். காதலாயினும் செருக்காயினும் இரண்டும் ஒரே வகை விளக்கங்களே. பெரும் சமூக முரண்பாடு தனி மனிதரின் உணர்ச்சிக்குள் அடக்கப்படுகின்றது.

மரைக்கார்கள் தொடக்கத்தில் வணிகர். சோழமண்டலக் கரையிலிருந்து கொச்சிக்கு அரிசி கொண்டுவரும் வர்த்தகம் அவர்களுள் முதன்மையானோரின் கையில் இருந்தது. மிளகு விளையும் மலபாருக்கு உண்ண அரிசி வெளியிலிருந்தே வரவேண்டும். போர்த்துக்கேயர் கொச்சியில் நிலைகொண்ட ஆரம்ப ஆண்டுகளிலே அவர்களுக்கும் இவ்வணிகர் உணவுப்பொருள் வழங்கினர். தேசிய வீர வரலாறுகள் விரைந்து கடந்துசெல்லும் இவ்வுண்மையே என் கருத்தில் முதன்மையானது. அனுமதிச்சீட்டும் அதிகாரிகளின் தனிப்பட்ட கொள்ளையும் வணிகத்தை நெரித்தபோதுதான் 1520களில் இவர்கள் சாமூதிரியின் பக்கம் சென்று ஆயுதமேந்தினர். வர்த்தக மூலதனம் தன் இருப்புக்காகப் படையாக மாறிற்று என்று சொல்லலாம். அதனைப் பிறவிப் பகையாகவோ மதப் பகையாகவோ மட்டும் காட்டும் படைப்பு, பகை தொடங்கிய கணத்தையே இழந்துவிடுகின்றது.

சாலியம் கோட்டை 1571இல் வீழ்ந்தது. அதன் பின்னர் மூன்றாம் குஞ்ஞாலி சாமூதிரியின் இசைவுடன் புதுப்பட்டணத்திலே ஆற்றுமுகத்திற் கோட்டை கட்டினார். கோட்டை வந்தபின் நிலைமை மாறிற்று. தனக்கென அரணும் படையும் வருவாயும் உடைய கடல் வணிகக் குழு ஒன்று, நிலவுடைமையில் வேரூன்றிய அரசின் எல்லைக்குள் வளர்ந்தது. மறுபுறம், அனுமதிச்சீட்டும் அமைதியான வணிகமும் தருவதாகப் போர்த்துக்கேயர் சாமூதிரிக்கு ஆசை காட்டினர். 1590களின் இறுதியில் இரு தரப்பும் உடன்பட்டன. 1599இல் நடந்த கூட்டுத் தாக்குதல் தோல்வியுற்றது. 1600 மார்ச்சில் அந்திரே பூர்த்தாதோ த மென்தோன்சாவின் தலைமையில் முற்றுகை வென்றது. உயிருக்கு உறுதி பெற்றுத் தம் அரசனிடம் சரணடைந்த குஞ்ஞாலியைப் போர்த்துக்கேயர் பற்றி இழுத்துச் சென்று கோவாவிலே கொன்றனர். தலையை உப்பிட்டுக் கண்ணூருக்கு அனுப்பிக் காட்சிக்கு வைத்தனர்.

சாமூதிரியின் துரோகத்தை இந்து அரசன் முஸ்லிம் வீரனுக்கு இழைத்த துரோகமாக வாசிப்போர் உளர். அவர்கள் செய்னுத்தீன் மக்தூமின் அரபு நூலாகிய ‘துஹ்பத்துல் முஜாஹிதீன்’ என்பதைக் கற்றல் நன்று. போர்த்துக்கேயருக்கு எதிராகப் புனிதப் போருக்கு அழைக்கும் அந்நூலே, முஸ்லிம் சுல்தான்கள் உதவாதிருந்த காலத்தில் முஸ்லிம்களைக் காத்தவன் என்று முஸ்லிமல்லாத சாமூதிரியைப் போற்றுகின்றது. நட்பும் பகையும் மதத்தின் கோட்டில் ஓடவில்லை.

படத்தை முற்றாக ஒதுக்கிவிடவும் நான் முனையவில்லை. அதிலே வரும் சின்னாலி என்ற சீன வீரனைக் கண்டு, வெளிநாட்டுச் சந்தைக்காகப் புகுத்தப்பட்ட பாத்திரம் என்று நகைத்தோர் இருக்கலாம். ஆனால் குஞ்ஞாலியின் துணைவனாகச் சீனன் ஒருவன் இருந்தான், மலாக்காவில் முன்னர் ஊழியம் செய்தவன், கோவாவிற் கொல்லப்பட்டான் என்பது போர்த்துக்கேய வரலாற்றிலேயே உள்ளது. நம்பமுடியாதது போலத் தோன்றுவது ஆவணத்தில் உண்டு. இயல்பாகத் தோன்றும் காதற் பகைக்கு ஆவணம் இல்லை. வரலாற்று உண்மையைப் பார்வையாளனின் ‘இப்படி நடந்திருக்கும்’ என்ற உணர்விடம் ஒப்படைக்க முடியாது என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

கலங்களைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். திரையிற் கண்ணைக் கவர்வன பெருங் கப்பல்கள். மரைக்கார்களின் போர்முறையோ துடுப்பினால் விரையும் சிறு படகுகளைச் சார்ந்தது. ஆழமற்ற ஆற்றுமுகங்களிலும் காயல்களிலும் அவை மறைந்திருக்கும். காற்றின்றிப் பாய் தொங்கும் வேளையிற் கூட்டமாக வெளிப்பட்டுப் பெருங்கலத்தைச் சூழும். பின்னர் ஆழமுள்ள கலம் தொடரமுடியாத நீருக்குள் நுழைந்துவிடும். மட்டக்களப்பு வாவிக் கரையில் வளர்ந்த எவருக்கும் இதனை விளக்கவேண்டியதில்லை. காத்தான்குடியிலிருந்து நோக்கினால் ஒருபுறம் வாவி, மறுபுறம் கடல். மணல் திட்டு மூடியும் திறந்தும் விளையாடும் முகத்துவாரத்தினுள் எக்கலம் நுழையும், எக்கலம் வெளியே நங்கூரமிடும் என்பதை மீனவச் சிறுவனும் அறிவான். பெருங் கப்பல்களை முன்னிறுத்தும்போது தவறுவது தொழில்நுட்பம் மட்டுமன்று. சிறு படகென்றால் துடுப்பு, துடுப்பென்றால் வலித்தவர்கள். அவர்கள் யாவர்? முக்குவக் குடும்பங்கள் தம் ஆண்மக்களுள் ஒருவரையோ பலரையோ முஸ்லிமாக வளர்த்தல் வேண்டும் எனச் சாமூதிரி கட்டளையிட்டதாக ஒரு செய்தியை வில்லியம் லோகன் 1887இல் வெளியான மலபார்க் கையேட்டிற் பதிவு செய்துள்ளார். கட்டளை எவ்வளவுக்கு நடைமுறைப்பட்டது என்பது ஒருபுறமிருக்க, கடலோடும் உழைப்பாளரைத் திரட்டும் தேவை மதமாற்றத்தோடு பிணைந்திருந்தமையை அது காட்டுகின்றது. முக்குவரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடி முறையைப் பகிர்ந்துகொள்ளும் மட்டக்களப்புத் தேசத்து ஆய்வாளர் இதனைப் பொருட்படுத்தாமல் விடமுடியாது. திரையில் நான் கண்ட வீரர் எவருக்கும் கைகள் காய்த்திருக்கவில்லை.

மரைக்கார் வரலாறு மலபாரோடு முடிவதுமில்லை. கோட்டை இராச்சியத்தில் புவனேகபாகுவுக்கும் சீதாவாக்கையின் மாயாதுன்னைக்கும் நடந்த போரில், முன்னவன் போர்த்துக்கேயரையும் பின்னவன் சாமூதிரியையும் நாடினர். மாயாதுன்னைக்கு உதவிக்குப் புறப்பட்ட மரைக்கார்களின் படையை 1538இல் மார்த்திம் அபொன்சோ த சூசா இராமேசுவரத்துக்கு அருகே வேதாளையில் எதிர்பாராது தாக்கிச் சிதறடித்தான். அடுத்த ஆண்டில், தோல்வியுற்ற மாயாதுன்னை தன்னிடமிருந்த மரைக்கார்த் தலைவர்களின் தலைகளைப் போர்த்துக்கேயருக்கு அனுப்பிச் சமாதானம் பெறவேண்டியவனானான். 1600இல் சாமூதிரி செய்ததற்கு அறுபது ஆண்டுகள் முந்திய ஒத்திகை இது. நிலப் பிரபுத்துவ அரசர்கள் கடல் வணிகரைத் தேவைப்படும்வரை அணைத்து, விலை பேசும் வேளை வந்ததும் கைவிட்டனர்.

வேதாளைக்கு மற்றொரு முகமும் உண்டு. முத்துக்குளித்துறைப் பரவர், முத்து வணிகத்தில் மேலோங்கியிருந்த முஸ்லிம்களின் நெருக்குதலுக்கு எதிராகப் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடி, 1536-37ஆம் ஆண்டுகளிற் பெருந்தொகையாகக் கத்தோலிக்கராயினர். அவர்களது நினைவில் மரைக்கார்களின் படகுகள் விடுதலைப் படையாக இருந்திருக்க நியாயமில்லை. குஞ்ஞாலியை ஏகாதிபத்திய எதிர்ப்பின் முன்னோடி என்று எழுதும் முற்போக்கு எழுத்தாளர், முத்துக்குளித்துறையில் மூழ்கியவனின் பக்கத்திலிருந்தும் அக்கடலைப் பார்த்தல் வேண்டும். எரிக் ஹொப்ஸ்போம் 1969இல் சமூகக் கொள்ளையர் பற்றி எழுதியதிலிருந்து, சட்டத்துக்குப் புறம்பானவன் எவனையும் மக்கள் வீரனாக்கும் ஆர்வம் நம்மிடையேயும் உண்டு. மார்க்சிய ஆய்வு அந்த ஆர்வத்துக்கு அடிமைப்படுதல் தகாது.

இவையெல்லாம் இன்று ஏன் பொருட்படுத்தப்பட வேண்டும்? 1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்று ஏறக்குறைய நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான் என்பது நமது நூல்களில் வழிவழியாக எழுதப்பட்டு வருவது. இவ்வொரு செய்தியிலிருந்து முஸ்லிம்கள் இங்கு வந்தேறிய விருந்தினர் என்று நிறுவுவோர் உளர். நாலாயிரம் பேர் வந்தனர் என்பதிலிருந்து அதற்கு முன் எவரும் இருக்கவில்லை என்பது எந்த அளவையியலாலும் பெறப்படாது. அதற்கு விடையாக, அரேபியக் கப்பல் தலைவர்களையும் கடல் வீரர்களையும் மட்டுமே முன்னோராகக் காணும் எழுத்தும் வளர்ந்துள்ளது. காத்தான்குடிப் பூர்வீக நூதனசாலையிலே முஸ்லிம்களின் கடந்த காலத்தை ஆளுயர உருவங்களாக நிறுத்தியுள்ளமை பயனுள்ள முயற்சி. மாணவர் அங்கே காண்பது அசையாத ஆவண நாடகமே. அதனைக் காண்போர் ஒவ்வோர் உருவத்தின் முன்னும் இது எந்தச் சான்றிலிருந்து எழுந்தது என்று கேட்கப் பழகுதல் வேண்டும். 1990இலும் அதன் பின்னும் நம் பகுதியில் இரத்தம் சிந்தப்பட்ட காலங்களில், யார் முந்தி வந்தவர் என்னும் வாதம் வெறும் ஏட்டு வாதமாக இருக்கவில்லை. கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களிற் பள்ளிவாசல் நிருவாகத்திலே குடிவழியாகப் பங்குபெறுவோரை மரைக்கார் என்றழைக்கும் வழக்கு, அரிசி வணிகனும் படகோட்டியும் படைத்தலைவனும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருந்த உலகத்தை நினைவூட்டுகின்றது. அவ்வுலகம் தமிழகக் கரை, மலபார், இலங்கை மூன்றையும் ஒன்றாய் இணைத்தது. அதனை வந்தவர், இருந்தவர் என்னும் இரு சொற்களுக்குள் அடக்க இயலாது.

கடற்கொள்ளை பற்றிய ஆவண நாடகம் ஒன்றை நம்மவர் எடுக்க விரும்பின் கரீபியக் கடலுக்குச் செல்லவேண்டியதில்லை. 1602 மே மாத இறுதியில் ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தத் தலைவன் மட்டக்களப்புக் கரையை அடைந்தான். அவனைத் தொடர்ந்து வந்த செபால்ட் த வேர்ட், 1603இல் நான்கு போர்த்துக்கேயக் கப்பல்களைப் பிடித்து, அவற்றிலிருந்தோரைப் பின்னர் விடுவித்தான். போர்த்துக்கேயரை ஒழிக்கவென அவனுடன் உடன்பட்டிருந்த விமலதர்மசூரியன் சினமுற்றான். த வேர்ட்டும் ஏறக்குறைய ஐம்பது ஒல்லாந்தரும் மட்டக்களப்பிலேயே வெட்டி வீழ்த்தப்பட்டனர். அவ்வாண்டு பெப்ரவரியில்தான் சிங்கப்பூருக்கு அருகே ‘சாந்தா கத்தரினா’ என்ற போர்த்துக்கேயக் கப்பலை ஒல்லாந்தர் கைப்பற்றினர். அக்கொள்ளையை நியாயப்படுத்த ஒல்லாந்தக் கம்பனியின் சார்பில் எழுதப் புகுந்த குரோத்தியசின் நூலில் ஒரு பகுதியே 1609இல் ‘சுதந்திரக் கடல்’ என்னும் பொருள்படும் தலைப்புடன் அச்சேறிச் சர்வதேசச் சட்டத்தின் மூலநூல்களுள் ஒன்றாயிற்று. கம்பனிக்குச் சட்டம் எழுதியவர் கிடைத்தார். குஞ்ஞாலிக்கு எவரும் எழுதவில்லை.

இந்நாடகத்துக்கான ஒல்லாந்தச் சான்றுகள் ஏராளம். ஸ்பில்பேர்கனின் பயண நூலில் அவன் கண்டி மன்னனுடன் கைகுலுக்கும் செதுக்குச் சித்திரமும் உண்டு. ஐரோப்பிய வாசகரின் கண்ணுக்கென அமைக்கப்பட்ட அச்சித்திரமே நமது பாடநூல்களில் நிழற்படம் போல் அச்சிடப்படுகின்றது. முகத்துவாரத்துக்கு வெளியே நங்கூரமிட்ட அக்கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே தோணி வலித்தவர்கள், மன்னனின் ஆட்களுக்கும் அந்நியருக்கும் இடையே மொழிபெயர்த்தவர்கள், அரிசியும் இறைச்சியும் விலை பேசியவர்கள் ஆகியோரை அந்நூல்களின் ஓரங்களிலிருந்தும், குடிவரலாறுகளிலிருந்தும், 1962இல் எவ். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் போன்ற உள்ளூர் மரபுகளிலிருந்தும் ஒருவர் தேடித் தொகுத்தல் வேண்டும். ஒளிப்படக்கருவியை எங்கே நிறுத்துவது என்பதை அத்தொகுப்புக்குப் பின்னரே தீர்மானிக்க முடியும்.